சிரித்தவர்கள் யார்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் ஊர்க் கல்குவாரியை விரிவுபடுத்துவது பற்றிய கருத்துக் கேட்புக் கூட்டத்தின் செய்தி, சென்ற வாரம் தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் வந்திருந்தது. அதன் கடைசி வரி: "பெண் ஒருவர் தேவாலயத்தில் உள்ள ஆர்கன் பற்றிப் பேசியபோது கூட்டத்தில் சிரிப்பலை எழுந்தது."

அந்தப் பெண் நான்தான். சிரிப்பலை எழுந்ததும் உண்மைதான். எழுப்பியவர்கள் யார் என்பதை மட்டும் ஏன் விட்டுவிட்டீர்கள்? வேனில் வந்து இறங்கி முன்வரிசைகளைப் பிடித்துக்கொண்டவர்களில் ஒருவர்கூட எங்கள் ஊர்க்காரர் இல்லை. தங்கள் நிருபருக்கு அது தெரியாமல் இருக்க வழியில்லை. அவர்களோடு நின்றுதான் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

நான் என்ன பேசினேன் என்று செய்தியில் ஒரு சொல் இல்லை. சரி, இங்கே எழுதுகிறேன். வெடி வைக்கும்போது பக்கத்துக் கட்டடங்களில் அதிர்வின் வேகம் எவ்வளவு இருக்கலாம் என்று மத்திய அரசின் சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகம் 1997லேயே வரம்பு வகுத்திருக்கிறது. குறைந்த அதிர்வெண்ணில் சாதாரண வீடுகளுக்கு விநாடிக்கு 5 மில்லிமீட்டர். வரலாற்றுச் சின்னங்களுக்கும் எளிதில் பாதிக்கப்படும் கட்டடங்களுக்கும் 2 மில்லிமீட்டர். எங்கள் மாதா கோயில் இதில் எந்தக் கணக்கில் வருகிறது என்று கேட்டேன். மேடையில் இருந்த அதிகாரி "குறித்துக்கொண்டோம்" என்றார். பேனா மூடியைக்கூடத் திறக்காமல் எப்படிக் குறித்துக்கொண்டார் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் குவாரிக்குக் குத்தகை தரக் கூடாது என்பது மாநில அரசின் விதி. கோயில் அந்தக் கணக்கில் வராதாம். அங்கே யாரும் பாய் விரித்துப் படுப்பதில்லையே!

அந்த ஆர்கன் பிரெஞ்சு சாமியார்கள் காலத்தில் வந்தது. கப்பலில் புதுச்சேரிக்கு வந்து, திருப்பத்தூர்–கிருஷ்ணகிரி சின்ன ரயிலில் ஏறி, அப்புறம் மாட்டு வண்டியில் ஊர் வந்து சேர்ந்ததாக என் தாத்தா சொல்வார். 1905ல் விட்ட அந்த ரயிலைச் சுதந்திரத்துக்கு முன்பே பிடுங்கியும் விட்டார்கள். கிருஷ்ணகிரிக்கு மறுபடி ரயில் வேண்டும் என்று நான் தங்களுக்கு எழுதிய கடிதங்கள் எந்தக் குப்பைக்கூடையில் போயினவோ.

காலால் மிதித்துத் துருத்திக்குக் காற்று ஏற்றி வாசிக்கும் ஆர்கன் அது. பாரிஸில் 1842ல் காப்புரிமை பெற்ற கருவியின் வகை. நம் பஜனைகளில் கையால் துருத்தி போட்டு வாசிக்கிறார்களே, அந்த ஆர்மோனியத்துக்குப் பாட்டி. உள்ளே வரிசையாகப் பித்தளை நாக்குகள். ஒவ்வொன்றுக்கும் சட்டத்துக்கும் நடுவே மயிரிழை இடைவெளிதான். அதில் கல்மாவு ஒரு துகள் உட்கார்ந்தால் சுரம் ஊமையாகும், இல்லாவிட்டால் கரகரக்கும். காற்றை அடைக்கும் மூடியின் அடியில் உட்கார்ந்தால் இன்னும் மோசம். விரலை எடுத்த பிறகும் சுரம் நிற்காது.

சென்ற ஈஸ்டர் இரவில் அதுதான் நடந்தது. எங்கள் கோயிலில் ஈஸ்டருக்கு முந்திய பெரிய வியாழன் பூசையில் வானவர் கீதம் பாடியதும் ஆர்கனை மூடிவிடுவோம். சனிக்கிழமை இரவு அதே பாட்டுக்குத்தான் திறப்போம். மணிகள் எல்லாம் அடித்து ஓய்ந்து, பாட்டும் முடிந்து, சாமியார் மன்றாட்டுக்குக் கைகளை விரித்துவிட்டார். ஒரு சுரம் மட்டும் கத்திக்கொண்டே இருந்தது. மிதிப்பதை நிறுத்தி அதை அடக்கிவிட்டு, மீதிப் பூசையை வெறுங்குரலில் பாடி முடித்தோம். காலையில் பின்பலகையைக் கழற்றி, ஒரு கல்யாணப் பத்திரிகையைக் கீற்றாக வெட்டி உள்ளே விட்டு இழுத்தேன். நுனியில் வந்தது சாம்பல் நிற மாவு. எங்கள் கொடியில் காயும் துணியிலும், மாந்தோப்பில் இலைமேலும் படிகிற அதே மாவு. தார்ப்பாய் போடாமல் போகும் லாரிகளைப் பற்றியும் ஒரு காலத்தில் தங்களுக்கு எழுதினேன். அதுவும் வரவில்லை.

கூட்டத்தில் இதைச் சொன்னதும் குவாரி தரப்பில் ஒருவர் எழுந்து, "புதுசா ஒரு கீபோர்டு வாங்கித் தந்துடறோம், டீச்சரம்மா" என்றார். அதற்குத்தான் சிரித்தார்கள்.

2022ல் மயிலாடும்பாறை அகழாய்வில் கிடைத்த இரும்புக்கு 4,200 ஆண்டு வயது என்று சட்டசபையில் அறிவித்தபோது தாங்கள் அதை முதல் பக்கத்தில் கொண்டாடினீர்கள். நானும் பெருமைப்பட்டேன், எங்கள் பர்கூர் பக்கத்து ஊராயிற்றே. மல்லசந்திரத்தில் பழங்கால ஈமச்சின்னங்களான கற்திட்டைகள் உடைந்து கிடப்பது பற்றியும் ஆண்டுக்கொரு முறை வருத்தப்பட்டுக் கட்டுரை போடுகிறீர்கள். மண்ணுக்குள் போனதற்கும் உடைந்து விழுந்ததற்கும் இத்தனை மரியாதை. இன்னும் ஞாயிறு தோறும் பாடிக்கொண்டிருக்கிற ஒன்றுக்குச் சிரிப்பலை. பிலிப்பைன்ஸில் லாஸ் பின்யாஸ் ஊர்க் கோயிலில் மூங்கில் குழாய்களால் செய்த ஆர்கன் பழுதானபோது, 1973ல் அதை ஜெர்மனிக்கே அனுப்பிச் சரிசெய்து 1975ல் திரும்பக் கொண்டுவந்தார்கள். அவர்களுக்கு யாரும் கீபோர்டு வாங்கித் தர முன்வரவில்லை போலிருக்கிறது.

நான் தொழிலுக்கு எதிரி என்று எழுதிவிடாதீர்கள். என் மகன் ஓசூர் சிப்காட்டில்தான் வேலை பார்க்கிறான். அவன் கம்பெனியில் ஓர் அறைக்குள் போகச் செருப்பைக் கழற்றி, தலைக்கு உறை மாட்ட வேண்டுமாம், மெஷினில் தூசு பட்டுவிடுமென்று. அதைக் கேட்டு யாரும் சிரிப்பதில்லை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. வெடி வைக்கும் நாட்களில் கோயிலுக்குள் ஓர் அதிர்வுமானி வைத்து, அது காட்டும் அளவை ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டச் சொல்லித் தாங்கள் இரண்டு வரி எழுத வேண்டும். மாவட்டப் பக்கத்தில் இடம் இல்லையென்றால், குவாரிக்காரர்களின் பொங்கல் வாழ்த்து விளம்பரத்துக்குக் கீழே மிச்சமிருக்கும் இடம் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
பர்கூர் வட்டம், கிருஷ்ணகிரி மாவட்டம்