அப்கிரேட் தேதியை ஓர் இடத்தில் எழுதி வையுங்கள்

பிளாக்செயின் நெட்வொர்க்குகளின் மென்பொருளை எழுதி, அப்கிரேட் எப்போது என்று முடிவு செய்கிற டெவலப்பர்களுக்கும் அறக்கட்டளைகளுக்கும்,

வணக்கம்.

நான் ஒன்பது நெட்வொர்க்குகளில் நோடு, அதாவது நெட்வொர்க்கின் மென்பொருள் ஓடும் கணினி, நடத்துகிறேன். சிலவற்றில் பிளாக்குகளைச் சரிபார்த்து ஒப்புதல் தரும் வேலிடேட்டர், மற்றவற்றில் கேட்பவர்களுக்குச் செயினின் தகவலைத் தரும் வெறும் ஆர்பிசி. காலையில் கணினியைத் திறந்ததும் முதலில் பார்ப்பது ஓர் எக்செல் தாளை. நெட்வொர்க்கின் பெயர், அப்கிரேட் நடக்கப்போகும் பிளாக் உயரம் (செயினில் அது எத்தனையாவது பிளாக் என்ற எண்), போட வேண்டிய பதிப்பு, உத்தேச நேரம் எல்லாம் அதில் இருக்கும். கடைசிக் கட்டத்தில் 'எங்கே பார்த்தது' என்று ஒரு குறிப்பு. ஒரு வரியில் டிஸ்கார்ட், அடுத்ததில் டெலிகிராம், அதற்கடுத்து கிட்ஹப். ஒரு வரியில் 'நண்பர் சொன்னார்' என்றே எழுதியிருக்கிறேன். அத்தனை பேருடைய பணம் ஓடும் ஒரு நெட்வொர்க்கின் அப்கிரேட் தேதி எனக்கு வாய்வழிச் செய்தியாக வந்து சேர்கிறது. இந்த மடல் அதைப் பற்றித்தான்.

தேதி சொல்வது சுலபமில்லை என்று எனக்கும் தெரியும். ஒவ்வொரு செயினும் ஒவ்வொரு மாதிரி நேரத்தை எண்ணுகிறது. பிட்காயினின் டாப்ரூட் அப்கிரேட் 7,09,632-ஆவது பிளாக்கில் அமலுக்கு வந்தது. அது 2021 நவம்பர் 14 என்பது பிளாக் நெருங்க நெருங்கத்தான் உறுதியானது. சொலானாவில் புதிய வசதிகள் எபோக் என்ற கால அளவு மாறும்போது திறக்கின்றன. போல்காடாட்டில் ரன்டைம், அதாவது செயினின் விதிகளை இயக்கும் நிரல், செயினுக்குள்ளேயே மாறிவிடுகிறது. காஸ்மோஸ் வகை நெட்வொர்க்குகளில் ஓட்டெடுப்பு நடத்தி ஒரு பிளாக் உயரத்தைக் குறிக்கிறார்கள். அந்த உயரம் வந்ததும் பழைய பைனரி (ஓடுகிற மென்பொருள் கோப்பு) தானாக நின்றுவிடும், புதியதைப் போட்டால்தான் நகரும்.

உயரத்தை நேரமாக மாற்றுவதில்தான் தலைவலி. பிளாக்குக்கு 6 விநாடி, இன்னும் 2,00,000 பிளாக் பாக்கி என்றால் கிட்டத்தட்ட 14 நாள். அதுவே சராசரி 6.3 விநாடி ஆகிவிட்டால் 60,000 விநாடி தள்ளிப்போகும். மாலை நான்கு மணிக்கு என்று நினைத்திருந்த வேலை மறுநாள் காலை 8.40-க்குப் போய்விடும். சராசரி குறைந்தால் நாம் தூங்கிக்கொண்டிருக்கும்போது வந்து நிற்கும். எத்தீரியம் இதில் நல்ல வழி காட்டியிருக்கிறது. டென்கன் அப்கிரேடை 2024 மார்ச் 13, யூடிசி (உலகப் பொது நேரம்) 13:55:35 என்று விநாடி வரை முன்கூட்டியே சொன்னார்கள். எல்லா நெட்வொர்க்காலும் அப்படிச் சொல்ல முடியாது. சரி, முடியாதவர்கள் உயரத்தோடு உத்தேச நேரத்தையும் போட்டு, அதைத் தினமும் திருத்திக்கொண்டே வரலாமே.

தேதி மாறுவதைக்கூடச் சமாளித்துவிடுவேன். மாறியது தெரியாமல் போவதுதான் என்னை வீழ்த்துகிறது. ஒரு நெட்வொர்க்கில் நடந்ததைச் சொல்கிறேன். ஓட்டெடுப்பு முடிந்து, உயரம் குறித்து, பதிப்பும் அறிவித்தாகிவிட்டது. இரண்டு நாள் முன்பே பைனரியைத் தயாராக வைத்துவிட்டுப் படுத்தேன். அப்கிரேடுக்கு ஆறு மணி நேரம் முன்பு டெவலப்பர்கள் ஒரு பிழையைக் கண்டுபிடித்து, கடைசி எண் மட்டும் மாறிய இன்னொரு பதிப்பை வெளியிட்டிருக்கிறார்கள். பிழையைப் பிடித்தது நல்ல வேலை, அதில் குறையே இல்லை. ஆனால் அந்தச் செய்தி ஓர் அரட்டைக் குழுவில், நூற்றுக்கணக்கான செய்திகளுக்கு நடுவே, ஒரே ஒரு வரியாக வந்தது. உயரம் வந்தது, என் நோடு பழைய பைனரியிலிருந்து நான் வைத்திருந்த பதிப்புக்கு மாறியது, முதல் பிளாக்கிலேயே ஆப்-ஹாஷ் (கணக்கு மற்ற நோடுகளோடு ஒத்துப்போகிறதா என்று காட்டும் குறியீடு) பொருந்தவில்லை என்று நின்றது. விஷயம் புரிந்து, செயினின் தரவுப் பிரதியான ஸ்னாப்ஷாட்டை இறக்கி, மறுபடி ஓடவிடுவதற்குள் வேலிடேட்டர் ஜெயிலுக்குப் போயிருந்தது, அதாவது வேலை செய்யாததால் நெட்வொர்க் அதை ஒதுக்கி வைத்திருந்தது. என்னை நம்பி டோக்கன் ஒப்படைத்தவர்களுக்கு அன்றைக்கு நான் சொன்ன பதில், "செய்தியைப் பார்க்கவில்லை."

இதில் ஒன்றைக் கவனியுங்கள். காஸ்மோஸில் அப்கிரேட் திட்டத்தின் பெயரும் உயரமும் செயினிலேயே இருக்கின்றன. பைனரி எங்கே கிடைக்கும், அதன் செக்சம் (கோப்பு சரியானதுதானா என்று சரிபார்க்கும் குறியீடு) என்ன என்பதைக்கூடத் திட்டத்தோடு எழுதலாம்; பைனரியை மாற்றிவிடும் காஸ்மோவைசர் என்ற கருவி அதைப் படித்துக்கொள்ளும். ஆனால் கடைசி நேரத்தில் வரும் திருத்தப் பதிப்புக்காக மறுபடி ஓட்டெடுப்பு நடத்த நேரமிருக்காது. அதனால் அது அரட்டையோடு போய்விடுகிறது. மிக அவசரமான செய்திக்குத்தான் மிக மோசமான வழி கிடைக்கிறது.

ஒத்திவைப்பும் அப்படித்தான். எத்தீரியத்தின் கான்ஸ்டான்டினோபிள் அப்கிரேட் 70,80,000-ஆவது பிளாக்கில், 2019 ஜனவரி நடுவில் வருவதாக இருந்தது. ஜனவரி 15 அன்று பாதுகாப்பு ஓட்டை ஒன்று வெளியே தெரிந்ததும் நிறுத்தினார்கள்; பிப்ரவரி 28-இல்தான் நடந்தது. நிறுத்தியது முற்றிலும் சரி. ஆனால் பொறுப்பாக முன்கூட்டியே புதிய பதிப்பைப் போட்டவர்கள்தான் அன்றைக்கு அடித்துப்பிடித்து ஓட வேண்டியிருந்தது. சும்மா இருந்தவர்களுக்கு ஒரு வேலையும் இல்லை. அப்புறம், சொல்லாமலே விடுவது. எத்தீரியம் நோடுகளில் ஓடும் கெத் மென்பொருளில், எல்லா நோடுகளும் ஒத்துப்போக வேண்டிய விதியைத் தொடும் ஒரு திருத்தத்தைச் சத்தமில்லாமல் சேர்த்திருந்தார்கள். 2020 நவம்பர் 11 அன்று பழைய பதிப்பில் இருந்தவர்கள் வேறு கிளையில் போய் நின்றார்கள். பல செயலிகளுக்கு எத்தீரியம் இணைப்பு தரும் இன்ஃபியூராவே அதில் மாட்டியது. அது முடங்கியதும், அதை நம்பியிருந்த வாலெட்டுகளும் தடுமாறின.

நான் கேட்பது ஒரே ஒரு கோப்பு. ஒவ்வொரு நெட்வொர்க்கும் மாறாத ஒரு முகவரியில், இயந்திரம் படிக்கும்படி, உங்கள் கையொப்பத்தோடு அதை வைக்க வேண்டும். உயரமோ எபோக்கோ, உங்கள் வழக்கப்படி எழுதுங்கள். பக்கத்தில் யூடிசி நேரம், குறைந்தபட்சப் பதிப்பு, செக்சம். கட்டாயமா, விருப்பமா என்பதும் வேண்டும், ஏனென்றால் 'அப்கிரேட் செய்யுமாறு பரிந்துரைக்கிறோம்' என்ற வரியைப் படித்து, போடாவிட்டால் நோடு நிற்குமா நிற்காதா என்று யாராலும் சொல்ல முடியாது. மாற்றம் வந்தால் பழைய வரியை அழிக்காமல் 'ரத்து' என்று குறித்து, கீழே புதிய வரியைச் சேருங்கள். அரட்டையில் அறிவிப்பதற்கு முன்பு இந்தக் கோப்பு மாற வேண்டும், பிறகல்ல.

பெரிய நிறுவனங்கள் இருபத்து நான்கு மணி நேரமும் ஆள் வைத்து ஒவ்வொரு அறிவிப்பையும் படித்துவிடும். தனியாக நோடு நடத்துகிறவர் ஓர் இரவு தவறவிடுவார், இரண்டாவது முறை தவறவிடுவார், மூன்றாவது முறை மூட்டை கட்டிவிடுவார். இப்படிக் கிளம்பிப் போன மூன்று பேரை எனக்குத் தெரியும். மூவருமே நல்ல ஆபரேட்டர்கள். பலர் கையில் இருக்க வேண்டும் என்றுதானே இதையெல்லாம் கட்டினீர்கள்?

உங்கள் அடுத்த டெஸ்ட்நெட் (சோதனை நெட்வொர்க்) அப்கிரேடிலேயே இதைத் தொடங்கிப் பாருங்கள். கோப்பு வெளியான அன்றே என் ஒன்பது வரிகளில் ஒன்றை அதோடு இணைத்து, எங்கே இடறுகிறது என்று எழுதி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஒன்பது நெட்வொர்க்குகளில் நோடு நடத்தும் ஓர் ஆபரேட்டர்