அழுகையை எங்கிருந்து எடுப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நடிப்புப் பயிற்சி பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையில், அழுகைக் காட்சி என்றால் சொந்த வாழ்க்கையின் பெரிய துக்கத்தை நினைத்துக்கொள்ளும்படி புதியவர்களுக்கு யோசனை சொல்லியிருந்தார்கள். 31 வருஷம் மேடையில் நின்றுவிட்டு, இப்போது பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவள் நான். படித்ததும் பதறிப்போனேன்.

22 வயதில் எனக்கும் அதைத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். மகனைப் பறிகொடுத்த தாய் வேடம். அப்பா இறந்த விடியற்காலையை நினை என்றார் பயிற்சியாளர். முதல் மூன்று நாள் கண்ணீர் கொட்டியது. எதிரே நின்றவர் பேசிய வசனம் ஒன்றுகூடக் காதில் விழவில்லை. எட்டாம் நாள் ஒரு சொட்டு வரவில்லை. வீட்டுக்குப் போய்ப் படுத்தால் மட்டும் தாரைதாரையாக வந்தது. அதைவிடக் கொடுமை, அப்பா முகம் நினைவுக்கு வந்தாலே மேடை விளக்கும் சேர்ந்து வர ஆரம்பித்துவிட்டது. இன்றுவரை அப்படித்தான்.

ஏன் வற்றியது என்பது பிற்பாடு படித்தபோதுதான் விளங்கியது. வலிக்கிற நினைவைத் திரும்பத் திரும்பப் பேசவைத்து அதன் கூர்மையை மழுங்கவைப்பது மனநல சிகிச்சையில் ஒரு முறை. நாங்களும் தினம் இரவு அதையேதான் செய்துகொண்டிருந்தோம், மழுங்கிவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டு!

இந்தப் பழக்கத்துக்கு மூலவராகக் காட்டப்படும் ரஷ்ய நாடக இயக்குநர் ஸ்தானிஸ்லாவ்ஸ்கி, பிரெஞ்சு உளவியலாளர் ரிபோவிடமிருந்து உணர்ச்சி நினைவு என்ற கருத்தை எடுத்தது உண்மைதான். ஆனால் 1934இல் அமெரிக்க நடிகை ஸ்டெல்லா ஆட்லர் பாரிஸில் ஸ்தானிஸ்லாவ்ஸ்கியைச் சந்தித்துவிட்டுத் திரும்பியபோது, பாத்திரத்தின் சூழ்நிலையும் செயலுமே முதன்மை என்ற பாடத்தைத்தான் கொண்டுவந்தார். நினைவு முறையை விடாப்பிடியாகப் பிடித்திருந்த அமெரிக்க நடிப்பு ஆசிரியர் லீ ஸ்ட்ராஸ்பெர்க்கூட, ஏழு வருஷத்துக்குள் நடந்ததைத் தொட வேண்டாம் என்பார். என் அப்பா இறந்து அப்போது பதினான்கு மாதம்.

உடம்பு வழியாகவும் போகலாம். அமெரிக்க உளவியலாளர் எக்மனும் அவர் கூட்டாளிகளும் 1983இல் வெளியிட்ட ஆய்வில், எந்த உணர்ச்சி என்று சொல்லாமலே, முகத் தசைகளை ஒவ்வொன்றாக அசைக்கவைத்தார்கள். கோபம், அச்சம் இரண்டின் முகத்துக்கும் இதயத்துடிப்பு ஏறியது. கோபத்தில் விரல்நுனியும் சூடானது. சிலி நாட்டு ஆய்வாளர் சூசனா ப்ளோக் மூச்சையும் உடல் நிலையையும் சேர்த்தார். துக்கத்துக்கு, விக்கி விக்கி மூக்கால் இழுத்து, வாயால் நீளமாக விடும் மூச்சு. செய்துபாருங்கள், இரண்டே நிமிஷத்தில் நெஞ்சு கனக்கும். முகத்தை மட்டும் மாற்றினால் பெரிதாக எதுவும் நடந்துவிடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்: 19 நாடுகளில் சேர்ந்து செய்து 2022இல் வந்த ஆய்வில் அதன் விளைவு சிறியதாகத்தான் இருந்தது. உணர்ச்சி உடம்பில் வெளிப்படுவதற்குத் தொல்காப்பியம் வைத்த பெயரே மெய்ப்பாடு. மெய் என்றால் உடம்பு அல்லவா?

ப்ளோக் முறையில் எனக்கு மிகப் பிடித்தது, வெளியே வரவும் சொல்லிக்கொடுப்பது. ஆழ்ந்து மூச்சுவிட்டு, முகத்தைத் தேய்த்து, உடல் நிலையை மாற்ற வேண்டும். என் வகுப்பில் கடைசிப் பத்து நிமிஷம் இதற்குத்தான். இதைச் சொல்லித்தராத பயிற்சியாளர், பிள்ளையை நடுக்கிணற்றில் இறக்கிவிட்டுக் கயிற்றை அறுக்கிறார்.

போன மாதம் ஒரு மாணவி, "பாட்டி செத்ததை நினைச்சுக்கட்டுமா மேடம்?" என்று கேட்டாள். வேண்டாம் என்று சொல்லி, ஒரு சின்னப் பையன் சட்டையைக் கையில் கொடுத்து மடிக்கச் சொன்னேன். சட்டையின் ஒரு கை மட்டும் படியவே மாட்டேன் என்றது. மூன்றாம் தரம் நீவிவிடும்போது அவளுக்கு உடைந்தது; பின்வரிசையில் எனக்கும். முடிந்ததும் முகத்தைத் தேய்த்துக்கொண்டு, சட்டையை உதறி வைத்துவிட்டு, சிரித்தபடி சாப்பிடப் போனாள்.

இப்படிக்கு,
ஒரு நாடக நடிகை