சைக்ளோன் டெய்லரின் மறுபாதியையும் எழுதுங்கள்

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு, வணக்கம்.

போன வாரம் விளையாட்டுப் பக்கத்தில், சம்பளம் வாங்கி ஆடிய முதல் தலைமுறை ஐஸ் ஹாக்கி வீரர்களைப் பற்றி எழுதியிருந்தீர்கள். நல்ல கட்டுரை, ஒரே மூச்சில் படித்தேன். ஆனால் அதில் வரும் சைக்ளோன் டெய்லரின் கதை பாதியிலேயே நின்றுவிட்டது. மற்றவர்கள் விட்டாலும் தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் படிக்கும் பத்திரிகை அந்த மறுபாதியை விடக்கூடாது என்பதால்தான் எழுதுகிறேன்.

சைக்ளோன் என்ற பட்டப்பெயர் கொண்ட பிரெட் டெய்லர் 1884-ல் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் டாரா என்ற சிற்றூரில் பிறந்தவர். டொரண்டோ அணி ஒன்று கூப்பிட்டும் போகவில்லை என்பதற்காக மாகாண ஹாக்கிச் சங்கம் அவருக்குத் தடை போட்டது. அப்புறம் 1906-ல் அமெரிக்காவின் மிச்சிகனில் ஹாட்டன் என்ற செம்புச் சுரங்க ஊருக்குப் போனார், வீரர்களுக்கு வெளிப்படையாகவே சம்பளம் கொடுத்த முதல் லீக் அங்கேதான் நடந்தது. அந்த லீக் 1907-ல் கலைந்ததும் ஒட்டாவா அணி அவரை இழுத்துக்கொண்டது. எதைக் கொடுத்து இழுத்தது தெரியுமா? ஆட்டத்துக்கான பணத்தோடு அரசாங்கத்தின் குடிவரவுத் துறையில் ஒரு வேலையும் கொடுத்து. அந்தக் காலத்தில் ஹாக்கி குளிர்காலத்து ஆட்டம், வருடம் முழுக்கச் சோறு போடாது, அதனால் நிலையான உத்தியோகம் என்பது பெரிய கூலி.

1909-ல் ஒட்டாவாவுக்கு ஐஸ் ஹாக்கியின் பெரிய பரிசான ஸ்டான்லி கோப்பை. அடுத்த சீசனில் ரென்ஃப்ரூ என்ற சின்ன ஊரின் அணி, வெள்ளிச் சுரங்க முதலாளிகளின் பணத்தில், வெறும் 12 ஆட்டங்களுக்கு 5,250 டாலர் கொடுத்து அவரை வாங்கியது. பிறகு 1912-ல் வான்கூவர், 1915-ல் மறுபடியும் கோப்பை. இதெல்லாம் உங்கள் கட்டுரையில் இருக்கிறது, சரி.

இல்லாதது 1914. வான்கூவரிலும் டெய்லர் குடிவரவு அதிகாரிதான். அந்த வருடம் மே 23-ந் தேதி கோமகாட்டா மாரு கப்பல் 376 இந்தியர்களோடு அந்தத் துறைமுகத்துக்கு வந்து நின்றபோது, அதைச் சந்திக்கப் போன முதல் குடிவரவு அதிகாரி இந்த ஹாக்கி நட்சத்திரம்தான். பயணிகளில் பெரும்பாலோர் பஞ்சாபிச் சீக்கியர்கள். பிறந்த நாட்டிலிருந்து இடையில் நிற்காமல் நேராக வந்தால்தான் இறங்கலாம் என்று 1908-லேயே ஒரு விதி போட்டிருந்தார்கள், இந்தியாவிலிருந்து அப்படி நேராக வரக் கப்பலே கிடையாது. ஏற்கெனவே அங்கே குடியிருந்த இருபதுக்கும் சற்று அதிகமான பேரைத் தவிர மற்ற எல்லோரையும் இரண்டு மாதம் கடலிலேயே நிறுத்திவைத்து, சோற்றுக்கும் தண்ணீருக்கும் தவிக்கவிட்டு, ஜூலை 23 அன்று போர்க்கப்பலின் காவலோடு திருப்பி அனுப்பினார்கள். கல்கத்தா பக்கம் பட்ஜ் பட்ஜில் இறங்கியபோது போலீஸ் சுட்டுச் சுமார் 20 பேர் செத்தார்கள்.

இது நமக்கு எங்கோ நடந்த கதை இல்லை. ஐரோப்பிய மொழி ஒன்றில் விண்ணப்பம் எழுதத் தெரிந்தவர்தான் இறங்கலாம் என்று 1897-ல் நம் டர்பன் இருக்கும் நேட்டாலில் போட்ட சட்டத்தைப் பார்த்துத்தான் பிரிட்டிஷ் கொலம்பியா, அதாவது வான்கூவர் இருக்கும் அதே மாகாணம், 1900-லிருந்து திரும்பத் திரும்பச் சட்டம் போட்டது. மத்திய அரசு அவற்றை ரத்து செய்தபோதும் விடவில்லை, அங்கே அவற்றுக்கு நேட்டால் சட்டங்கள் என்றே பெயர். நம் துறைமுகத்தில் நம்மை வடிகட்டச் செய்த சல்லடை கடல் தாண்டிப் போயிருக்கிறது. தேதியையும் பாருங்கள். தில்லையாடி வள்ளியம்மை இறந்தது 1914 பிப்ரவரியில். ஒப்பந்தக் கூலி முடிந்த இந்தியர்கள் மேல் போட்டிருந்த மூன்று பவுன் வரி ஒழிந்து காந்தி இங்கிருந்து கப்பலேறியது ஜூலை 18-ல். ஐந்தே நாளில் அங்கே அந்தக் கப்பலைத் துரத்திவிட்டார்கள்.

டெய்லரைத் திட்டச் சொல்லவில்லை. விதியை எழுதியவர் அவர் இல்லை, திருப்பி அனுப்ப முடிவெடுத்தவரும் அவர் இல்லை. ஆனால் அந்த உத்தியோகம் அவர் ஹாக்கி ஆடியதற்குக் கிடைத்த கூலி, அதிலேயே படிப்படியாக உயர்ந்தார், அந்தச் சேவைக்காக 1946-ல் பிரிட்டிஷ் பேரரசு விருதும் (OBE) கிடைத்தது. அடுத்த வருடம் ஹாக்கிக்காரர்கள் தங்கள் புகழ்மண்டபத்தில் சேர்த்தார்கள். அவர் நாடே இரண்டையும் அவர் கணக்கில் வைத்திருக்கும்போது நாம் ஏன் ஒன்றை மட்டும் எழுத வேண்டும்? அந்தக் கப்பலுக்காகக் கனடாவின் பிரதமரே 2016-ல் நாடாளுமன்றத்தில் எழுந்து மன்னிப்புக் கேட்டுவிட்டார்.

ஆகவே கோமகாட்டா மாருவைப் பற்றி ஒரு கட்டுரை போடுங்கள் ஐயா, அதையும் விளையாட்டுப் பக்கத்திலேயே போடுங்கள். வரலாறு என்று தலைப்பிட்டு உள்பக்கத்துக்குத் தள்ளினால் எங்கள் தமிழ் வகுப்புப் பிள்ளைகள் ஒருவரும் படிக்க மாட்டார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்.