திங்னா வெறும் பொருள் மட்டும் இல்லீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

மாணவர் பக்கத்துல வர்ற ஆங்கில சொல் பகுதியில 'திங்'ங்கற சொல்லுக்கு "பொருள், வஸ்து"ன்னு ஒரே வரியில முடிச்சுட்டீங்க. தப்புன்னு சொல்லல, ஆனா சம்திங், எனிதிங்னு நாள் முழுக்க வாயில வர்ற சொல்லுக்கு பின்னாடி ஒரு கோர்ட்டே இருக்கு, அதை விட்டுட்டீங்களேன்னுதான் எழுதறேன்.

பழைய இங்கிலீஷ்ல திங்னா ஜனங்க கூடி வழக்கு பேசற சபை. 7ஆம் நூற்றாண்டுல இங்கிலாந்துல கென்ட் பகுதியை ஆண்ட ராஜாக்கள் போட்ட சட்டத்துல, ஒருத்தன் இன்னொருத்தன் மேல குற்றம் சொல்லி அவனை 'திங்'ல சந்திச்சா என்ன நடக்கணும்னு வருது, அங்க போய் 'பொருள்'னு அர்த்தம் வெச்சு படிச்சா தலையும் புரியாது வாலும் புரியாது. சபைங்கறது சபையில பேசற விவகாரம் ஆச்சு, விவகாரம் பொதுவா 'விஷயம்' ஆச்சு, கடைசியில கண்ணுல படற எந்த சாமானும் திங்தான். லத்தீன்லயும் இதே கதை, காரணம், வழக்குன்னு அர்த்தம் இருந்த காவ்சா, இத்தாலியன்ல கோசா, பிரெஞ்சுல ஷோஸ்னு ஆகி 'பொருள்'ல வந்து நிக்குது.

பழைய அர்த்தம் செத்துப் போயிடுச்சான்னா அதுவும் இல்ல. ஐஸ்லாந்து பார்லிமென்ட் பேரு இன்னிக்கும் ஆல்திங், 930ல திங்வெத்லிர்ங்கற திறந்தவெளியில ஆரம்பிச்சது. அப்போ சட்டம் எழுத்துல கிடையாது, அதுக்குன்னே ஒருத்தரை தேர்ந்தெடுப்பாங்க, அவர் சட்டப்பாறைன்னு சொல்ற இடத்துல நின்னு வருஷத்துக்கு மூணுல ஒரு பங்கா 3 வருஷத்துல மொத்த சட்டத்தையும் மனப்பாடமா ஒப்பிக்கணும் (நம்ம வக்கீல்களை நெனச்சுப் பாருங்க!). நார்வே பார்லிமென்ட் ஸ்டோர்டிங், அதாவது பெரிய திங். டென்மார்க்ல ஃபோல்கெடிங், மக்களோட திங்.

இதைவிட சுவாரஸ்யம் ஹஸ்டிங்ஸ். தேர்தல் பிரசாரத்துக்கு இங்கிலீஷ் பேப்பர்காரங்க போடற சொல்தான், ஆனா அதுக்குள்ளயும் ஒரு திங் ஒளிஞ்சிருக்கு. வீடுங்கற ஹூஸ், கூடவே திங், ரெண்டும் சேர்ந்து ராஜா தன்னோட ஆளுங்களை மட்டும் கூப்பிட்டு நடத்தற சபை. அது லண்டன்ல ஒரு கோர்ட்டுக்கு பேராச்சு, அப்புறம் அந்த கோர்ட் உட்கார்ற மேடைக்கு, அப்புறம் வேட்பாளர் ஏறி நிக்கற மேடைக்கு. 1872ல பிரிட்டன்ல ரகசிய ஓட்டு வந்ததும் மேடை போயிடுச்சு, பேரு மட்டும் இன்னும் ஓடிட்டிருக்கு.

வாட்ஸ்அப்ல 'நியூஸ்னா நாலு திசையோட முதல் எழுத்து'ன்னு சுத்துதே, அந்த மாதிரி கட்டுக்கதையை நம்பிட்டிருக்கற பசங்களுக்கு இந்த நிஜக் கதையை சொன்னா எவ்வளவு நல்லா இருக்கும். தினமும் ஒரு சொல் வேணாம், வாரத்துக்கு ஒண்ணு போதும், ஆனா கொஞ்சம் விரிவா போடுங்க. இடம் பத்தலன்னா பக்கத்துல இருக்கற குறுக்கெழுத்தை சின்னதாக்குங்க, யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர்