பனிக்குள் கிடந்த நீச்சல் தடாகத்துக்கு நற்சான்று வழங்கியது பற்றிய புகார்

ஏஜாக்ஸ், ஒன்ராறியோ
ஜூலை 8

பெறுநர்:
முகாமையாளர்,
நீச்சல் தடாகப் பரிசோதனைப் பிரிவு

பொருள்: பெப்ரவரியில் நீங்கள் வழங்கிய பரிசோதனை அறிக்கை, அதனால் ஏற்பட்ட இழப்பு

ஐயா,

நாங்கள் வாங்கவிருந்த வீட்டின் நீச்சல் தடாகத்தைப் பரிசோதித்து அறிக்கை தருமாறு கடந்த பெப்ரவரியில் உங்கள் நிறுவனத்துக்குப் பணம் கட்டினோம். பம்பு, வடிகட்டி, ஹீற்றர், குழாய்கள் அனைத்தும் "இயக்கிப் பார்க்கப்பட்டன, நல்ல நிலையில் உள்ளன" என்று எழுதித் தந்தீர்கள். மே மாதம் விக்டோரியா நாள் விடுமுறையை ஒட்டித் தடாகத்தைத் திறந்தபோது ஹீற்றரின் உட்குழாய் வெடித்திருந்தது. நிலத்தடிக் குழாய் ஒன்று கசிந்துகொண்டிருந்தது. தொலைபேசியில் பேசிப் பேசி அலுத்துவிட்டதால் இதை எழுத்தில் தருகிறேன்.

இயக்கிப் பார்த்ததாக எழுதியிருக்கிறீர்களே, எப்படி இயக்கினீர்கள்? ஒன்ராறியோவில் இலையுதிர்காலத்திலேயே தடாகத்தை மூடிவிடுவார்கள். தண்ணீரைக் குழாய் வாய்களுக்குக் கீழே இறக்கி, கம்பிரசரால் காற்றடித்துக் குழாய்களில் மிஞ்சிய நீரை வெளியேற்றி, வாய்களை அடைத்து, மேலே உறை போட்டுவிடுவார்கள். அதன்பின் வசந்தம் வரும்வரை அந்தப் பம்பை யாரும் ஓட்ட முடியாது. நாங்கள் வீடு பார்க்கப் போன நாளில் பின்வளவில் கண்டதெல்லாம் ஒரு வெள்ளைச் செவ்வகம்தான். அதன் அடியில் தடாகம் இருக்கிறது என்று முகவர் சொன்னதை நம்பிக்கொண்டோம்.

உங்கள் அறிக்கையின் ஹீற்றர் படத்தை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். ஹீற்றருக்குப் பின்னால், வசந்தத்தில் பூக்கும் லைலாக் செடி ஒன்று இலையும் பூவுமாக நிற்கிறது. பெப்ரவரி மாதத்து ஏஜாக்ஸில் லைலாக் பூக்கும் அதிசயத்தை நான் இதுவரை கண்டதில்லை. எங்கள் வளவில் லைலாக் செடியே கிடையாது என்பது இன்னொரு விடயம். அது வேறொருவர் வீட்டு ஹீற்றர்.

எங்கள் ஹீற்றரை உங்கள் ஆள் அன்று எட்டிப் பார்த்திருந்தாலே போதும். தடாகத்தை முறையாக மூடினால் ஹீற்றரின் வடிகால் மூடிகளைக் கழற்றி, வசந்தத்தில் தேடி அலையாமல் இருக்கப் பம்பின் கூடைக்குள் போட்டு வைப்பார்கள். எங்கள் வீட்டில் அவை கழற்றப்படவே இல்லை. துருவேறி அதே இடத்தில் இறுகிக் கிடந்தன. மேயில் வந்த தொழிலாளி பக்கத் தகட்டைத் திறந்ததும் அதைத்தான் முதலில் காட்டினார். உள்ளே தேங்கிய நீர் உறைந்திருக்கிறது. நீர் உறைந்தால் ஏறக்குறைய 9 வீதம் பருமன் கூடும். செப்புக்குழாய் நீளவாக்கில், ஒரு விரல் நுழையும் அளவுக்குப் பிளந்திருந்தது. மூடி மாட்டியிருக்கிறதா, கழற்றியிருக்கிறதா என்று பார்க்கப் பனி கரையும்வரை காத்திருக்கத் தேவையில்லை. கண்ணால் பார்க்கக்கூடிய ஒன்றையும் பார்க்கவில்லை, பார்க்கவே முடியாதவற்றையெல்லாம் பார்த்ததாக எழுதினீர்கள்.

இந்த அறிக்கையால் எமக்கு என்ன நடந்தது என்பதை உங்கள் அலுவலகத்தில் யாரும் காதுகொடுத்துக் கேட்கவில்லை. வழக்கமான வீட்டுப் பரிசோதகர்கள் தடாகத்தைத் தொடுவதில்லை. அதனால் எங்கள் சட்டத்தரணி, வீடு கைமாறும்போது விற்பவரின் பணத்தில் 10,000 டொலரைத் தன் பொறுப்பில் நிறுத்திவைத்து, தடாகம் திறந்து ஓடியபின் விடுவிக்கலாம் என்று யோசனை சொன்னார். குளிர்காலத்தில் இங்கு வீடு வாங்குபவர்கள் கேட்கும் பாதுகாப்புதான் அது. விற்பவரும் இணங்கியிருந்தார். உங்கள் அறிக்கை வந்ததும் அவருடைய தரப்பு, "எல்லாம் இயக்கிப் பார்த்தாயிற்றே, பிறகென்ன?" என்று கேட்டு அந்த நிபந்தனையை எடுக்கவைத்தது. இன்று அவருடைய சட்டத்தரணி எமக்கு அனுப்பும் பதிலிலும் உங்கள் அறிக்கைதான் இணைக்கப்பட்டிருக்கிறது. "குளிர்காலம், பார்க்க இயலவில்லை" என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தால் அந்தப் பணம் இன்னும் எங்கள் சட்டத்தரணியிடமே இருந்திருக்கும்.

கசிவைப் பற்றி உங்கள் அலுவலகம் சொன்ன "வெயிலுக்கு ஆவியாகியிருக்கும்" என்ற பதிலுக்கும் வருகிறேன். படிக்கட்டில் ஒரு வாளியைத் தடாகத்து நீர்மட்டத்துக்கே நிரப்பி வைத்துப் பார்த்தோம். ஆவியாவதென்றால் இரண்டிலும் ஒரே அளவு குறைய வேண்டும். வாளியில் நீர் குறைந்தது தெரியவே இல்லை. தடாகத்தில் ஒரே நாளில் ஓர் அங்குலம் இறங்கியிருந்தது. 16க்கு 32 அடித் தடாகத்தில் ஓர் அங்குலம் என்றால் சுமார் 1,200 லீற்றர். மானி ஓடுகிறது, கட்டணம் எங்கள் பெயரில் வருகிறது. வினைல் லைனர் (உட்புறப் பிளாஸ்டிக் விரிப்பு) போட்ட தடாகத்தை முற்றாக வெறுமையாக்கவும் முடியாது. லைனர் சுருங்கிவிடும், நிலத்தடி நீரின் அழுத்தம் சுவரையும் தள்ளும். ஆகவே ஊற்றிக்கொண்டே இருக்கிறோம்.

இவற்றுக்கெல்லாம் பரிகாரமாக நீங்கள் முன்வைத்தது, இலையுதிர்காலத்தில் இலவசமாகத் தடாகத்தை மூடித் தருவதும் அடுத்த ஆண்டுச் சேவையில் 15 வீதக் கழிவும். இந்த ஊரில் ஹீற்றர் இருந்தால் மே இறுதியிலிருந்து செப்டெம்பர் வரை நீந்தலாம். இல்லாவிட்டால் ஜூலையும் ஓகஸ்டும்தான், அதுவும் வெயில் மனம் வைத்தால். ஜூன் மாதத்தில் என் மகள் கணுக்கால்வரை இறங்கிவிட்டுப் பல் கிடுகிடுக்க ஏறிவந்தாள். தடாகத்துக்காகவே இந்த வீட்டுக்குக் கூடுதல் விலை கொடுத்தோம். போன ஜூன் மாதத்தை எந்தக் கழிவுச் சீட்டில் தரப்போகிறீர்கள்?

ஒன்ராறியோவின் 2002ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, காசு வாங்கிச் செய்யும் சேவை நியாயமான தரத்தில் இருக்க வேண்டும். பொய்யான, தவறாக வழிநடத்தும் கூற்றுகளை அதே சட்டம் முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. ஆகவே பரிசோதனைக் கட்டணத்தை முழுமையாகத் திருப்பித் தர வேண்டும். புதிய ஹீற்றரைப் பொருத்துவதற்கான 6,200 டொலரையும், கொங்கிரீட்டை உடைத்துக் குழாயைச் சரிசெய்யும் செலவையும் ஏற்க வேண்டும். இரண்டுக்குமான விலைமதிப்பீடுகள், படங்கள், உங்கள் அறிக்கையின் பிரதி ஆகியவற்றை இணைத்துள்ளேன். ஜூலை 22க்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் சிறு வழக்கு நீதிமன்றத்தில் மனுத் தாக்கல் செய்வோம்.

திருத்த வேலையை அதுவரை நிறுத்திவைக்கப் போவதில்லை. வேறொரு நிறுவனம் அடுத்த வாரம் தொடங்குகிறது. உடைந்த ஹீற்றரை வீசாமல் கராஜில் வைத்திருக்கிறோம். உங்கள் ஆள் வந்து பார்க்க விரும்பினால் முன்கூட்டியே அறிவித்துவிட்டு வரலாம். தடாகத்தை மூட மட்டும் யாரையும் அனுப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
வீட்டு உரிமையாளர்