தஞ்சைக்கு அழைத்துப் போகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பயண அமைப்பாளர்களுக்கு,

வணக்கம்.

சென்ற மாதம் நீங்கள் நடத்திய தஞ்சாவூர்ப் பயணத்தில் வந்தவர்களில் நானும் ஒருத்தி. நடந்தது உங்களுக்குத் தெரியும். அன்று மாலையே பஸ்ஸில் சிலர் உங்கள் பொறுப்பாளரிடம் பேசினோம். "ஆபீஸில் சொல்கிறேன்" என்றார். அதன் பிறகு உங்களிடமிருந்து வந்தது அடுத்த பயணத்துக்கான அறிவிப்புதான். அதே அட்டவணை, அதே நேரக் கணக்கு. அதனால்தான் இதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

என்ன வேண்டும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கலை, நூலகம் என்று விளம்பரம் செய்து ஆட்களைச் சேர்க்கிற பயணத்தில், அரண்மனை வளாகத்துக்கு ஒரு முழுக் காலைப்பொழுதை ஒதுக்குங்கள். சரஸ்வதி மகால் நூலகத்தின் காட்சிக்கூடம், அதே வளாகத்தில் இருக்கிற கலைக்கூடம், இரண்டுக்கும் சேர்த்துத்தான் கேட்கிறேன். அப்புறம், அங்கே இருப்பதைப் பற்றிப் பேசத் தெரிந்த ஒருவரைக் கூட அனுப்புங்கள்.

அன்று நூலகக் காட்சிக்கூடத்துக்கு நீங்கள் கொடுத்தது கால் மணி நேரம். கலைக்கூடத்துக்கு அதைவிடக் குறைவு. ஓவியக் கடையில் நிறுத்தி வைத்தது ஒன்றரை மணி நேரம்.

எங்களோடு ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர் வந்திருந்தார். முழங்கால் வலி, கைத்தடி ஊன்றித்தான் நடப்பார். எல்லோரும் அவரை டீச்சர் என்றுதான் கூப்பிட்டோம். ஏட்டுச்சுவடிகள் அச்சுக்கு வந்த கதையை வருஷா வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர். ஆனால் பழைய சுவடி ஒன்றைக் கிட்டத்தில் நின்று பார்த்ததே இல்லை என்று போகும் வழியில் சொன்னார். இந்தப் பயணத்துக்கு அவர் வந்தது அந்த ஒன்றுக்காக. உங்கள் விளம்பரத்திலும் கோயில் படத்துக்குப் பக்கத்தில் ஓலைச்சுவடிப் படம்தான் இருந்தது.

உள்ளே போனதும் டீச்சர் நேராகச் சுவடி வைத்திருந்த கண்ணாடிப் பெட்டியிடம் போனார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்து மாட்டிக்கொண்டு குனிந்தார். ஓலையில் எழுத்தாணியால் கீறியவர்கள் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கவில்லை. எகரமும் ஏகாரமும் பார்வைக்கு ஒன்றுதான். சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே இடமும் விடுவதில்லை. அது ககரமா, வெறும் ககர மெய்யா என்பதை அடுத்து வரும் எழுத்தையும் பொருளையும் யாப்பையும் வைத்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். டீச்சர் கண்ணாடிமேல் விரலை வைத்து எழுத்து எழுத்தாக நகர்த்திக்கொண்டு, வாய்க்குள் முணுமுணுத்தபடி வந்தார். ஓரிடத்தில் சட்டென்று நிமிர்ந்து என் கையைப் பிடித்தார். "இது வெண்பா. தளை சரியாகப் போகிறது பாருங்கள்" என்றார். சீரோடு சீர் சேரும் கட்டைத்தான் தளை என்பார்கள். முதல் அடியைப் பிரித்துவிட்டார். இரண்டாவது அடிக்குக் குனிந்தபோது உங்கள் பொறுப்பாளர் வாசலில் நின்று விசில் ஊதினார்.

இன்னும் பத்து நிமிடம் கொடுங்கள் என்று நாங்கள் கேட்டோம். "அம்மா, எல்லா ஓலையும் ஒரே மாதிரிதான் இருக்கும், வாங்க" என்றார் அவர். மரியாதையாகத்தான் சொன்னார். அந்த வார்த்தையை அவருக்குச் சொல்லிக்கொடுத்தது உங்கள் அட்டவணை என்பதால் அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. கோபம் உங்கள்மேல்தான்.

டீச்சர் ஒன்றும் பேசாமல் தடியை எடுத்துக்கொண்டு வந்து பஸ் ஏறினார். அடுத்த நிறுத்தம் ஓவியக் கடை. வாசலில் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் ஒன்றரை மணி நேரமும் உட்கார்ந்திருந்தார். பத்து நிமிடம் இல்லை என்று கிளப்பிக் கொண்டுவந்தவர்களிடம் ஒன்றரை மணி நேரம் இருந்தது. கடையில் நிறுத்தினால் யாருக்கோ ஏதோ கிடைக்கும் என்று பஸ்ஸில் பேசிக்கொண்டார்கள். அது உண்மையா என்று எனக்குத் தெரியாது, அந்த விசாரணையும் இப்போது வேண்டாம். அந்த நேரத்தை எங்களிடமிருந்து எடுத்தீர்கள் என்பது மட்டும் நிச்சயம்.

தஞ்சாவூர் ஓவியத்தின்மேல் எனக்குக் குறை எதுவும் இல்லை. பலகையில் துணி ஒட்டி, சுண்ணப்பொடியும் பசையும் குழைத்து மேடு எழுப்பி, கல் பதித்து, தங்கத்தகடு ஒட்டுகிறவர் ஒருவர் முன்னால் எங்களை உட்கார வைத்திருந்தால் நானே நேரம் போதவில்லை என்று சொல்லியிருப்பேன். அங்கே நடந்தது விலைப் பேச்சு மட்டும்தான்.

எதை விட்டுவிட்டு வந்தோம் என்பதைச் சொல்லியாக வேண்டும். நாயக்கர் காலத்தில் அரண்மனைச் சுவடிச் சாலையாகத் தொடங்கிய நூலகம் அது. 1798 முதல் 1832 வரை தஞ்சையின் மராட்டிய அரசராக இருந்த இரண்டாம் சரபோஜி அதை வளர்த்த விதம் தனிக் கதை. காசி யாத்திரை போனவர், அங்கிருந்து வடமொழிச் சுவடிகளைச் சேர்த்துக்கொண்டு வந்தார். ஐரோப்பாவிலிருந்து அச்சுப் புத்தகங்களை வரவழைத்தார். மனித முகங்களை விலங்கு, பறவை முகங்களோடு ஒப்பிட்டுப் பிரெஞ்சு ஓவியர் சார்லஸ் லெ ப்ருன் வரைந்த படங்கள் அந்தக் காட்சிக்கூடத்திலேயே இருக்கின்றன. எங்களில் பாதிப் பேர் அதைக் கடந்து போனோம், என்னவென்று சொல்ல ஆள் இல்லை. சரபோஜி நடத்திய தன்வந்திரி மகால் என்ற மருத்துவமனையில் மருந்துகளை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்துக் குறிப்பெழுதினார்கள். கண்நோய்க்காரர்களின் கண்களை வண்ணத்தில் வரைந்து, என்ன சிகிச்சை செய்தோம் என்று எழுதி வைத்த தாள்கள் அந்த நூலகத்தில் இருக்கின்றன. தமிழ், வடமொழி, தெலுங்கு, மராத்தி என்று நான்கு மொழிச் சுவடிகள். போதாததற்கு, மராத்தியை வேகமாக எழுதப் பயன்பட்ட மோடி என்ற எழுத்தில் மராட்டிய அரசின் நிர்வாகக் காகிதங்கள் மூட்டை மூட்டையாக. இதெல்லாம் 1918 முதல் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டிருக்கிறது. தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம் என்று 1983-இல் அறிவிக்கப்பட்டது. உங்கள் வழிகாட்டி இதைப்பற்றிச் சொன்னது ஒரே வாக்கியம்: "ராஜா காலத்துப் பழைய புஸ்தகங்கள்."

கலைக்கூடத்தில் இன்னும் மோசம். திருவெண்காட்டிலிருந்து வந்த ரிஷபவாகன தேவர், அதாவது காளையோடு நிற்கும் சிவன், அங்கே இருக்கிறார். 1011-ஆம் ஆண்டுச் செப்புத் திருமேனி. பக்கத்தில் நிற்கும் அம்மன் மறு ஆண்டில் செய்யப்பட்டது. காளை காணாமல் போய்விட்டது. சிவன் மட்டும் காலை மாற்றி வைத்து, இல்லாத காளைமேல் கையைச் சாய்த்தபடி நிற்கிறார். காளை எங்கே என்று ஒரு பள்ளிக்கூடத்துப் பையன் வழிகாட்டியிடம் கேட்டான். "திருடிட்டுப் போயிட்டாங்க" என்று பதில் சொல்லிவிட்டு அவர் நகர்ந்துவிட்டார். அந்தச் சிலையைச் செய்த காலத்தில்தான் பெரிய கோயில் கட்டி முடிந்திருந்தது. திருவெண்காட்டுக் கோயிலின் கல்வெட்டை வைத்துத்தான் சிலைக்கு ஆண்டு சொல்ல முடிந்தது. அந்தப் பையனுக்கு இதைச் சொல்ல எத்தனை நேரம் ஆகும்?

பெரிய கோயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. மாலை வெயிலில் விமானத்தின் நிழல் எங்கள் காலடிக்கே வந்து தளத்தில் நீளமாக விழுந்திருந்தது. அதன்மேல் நின்றுகொண்டு உங்கள் வழிகாட்டி, இந்தக் கோபுரத்தின் நிழல் தரையில் விழாது என்று சொன்னார். தலையாட்டிக் கேட்டுக்கொண்டவர்களும் இருந்தார்கள். உண்மையாகவே அங்கே இருப்பதைச் சொன்னாலே வாய் பிளக்கலாம். நான் கொடுத்ததும், அக்கன் (தமக்கை குந்தவை) கொடுத்ததும், நம் பெண்டுகள் கொடுத்ததும், மற்றவர்கள் கொடுத்ததும் கல்லிலே வெட்டப்படட்டும் என்று ராஜராஜன் சொன்னது அந்தச் சுவரில் இருக்கிறது. கோயில் பணிக்கு வந்த தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் பெயரும், அவர்கள் எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தார்கள், எந்தத் தெருவில் எந்த வீட்டில் குடியிருந்தார்கள் என்பதும் இருக்கிறது. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய பெண்களின் பெயரை ஒன்றாவது வாசித்துக் காட்டியிருக்கலாம். தஞ்சை மராட்டிய அரசர்களின் போன்ஸ்லே வம்சத்தின் வரலாற்றைச் சரபோஜி 1803-இல் மராத்தியில் வெட்டி வைத்ததும் அதே கோயிலில்தான். உள்சுற்றில் இருக்கும் சோழர் ஓவியங்களைப் பார்க்க எல்லோரையும் விடமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். 1931-இல் நாயக்கர் காலப் பூச்சுக்கு அடியில் அவை எப்படி வெளிப்பட்டன என்பதைச் சொல்லவாவது செய்யலாம் இல்லையா?

இது உங்கள் ஒருவர் கதை மட்டும் இல்லை. எந்த ஊருக்குப் போனாலும் இதே நிலைதான். நிழல் விழாத கோபுரம், இசைக்கிற தூண், சுரங்கப்பாதை; அதற்குமேல் யாரும் பேசுவதில்லை. இந்த ஊர்களின் ஏடுகளையும் கல்வெட்டுகளையும் படித்துப் படித்துக் கண் கெட்டுப்போனவர்கள் இருக்கிறார்கள். மோடி ஆவணங்களைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் மெனக்கெட்டுத் தமிழாக்கிப் புத்தகமாகப் போட்டிருக்கிறது. அதை ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டு வழிகாட்ட வந்தால் என்ன குறைந்துவிடும்? மக்களுக்கு இதெல்லாம் பிடிக்காது என்று நீங்களே முடிவுகட்டிவிட்டு, கையில் கொடுத்ததைப் பிடுங்கிக்கொண்டு போகிறீர்கள். வருத்தமாக இருக்கிறது. இதை இன்னும் கடுமையாகச் சொல்ல எனக்குத் தெரியும், சொல்லவில்லை.

ஏனென்றால் நீங்கள் இந்தப் பயணத்தை நிறுத்தக் கூடாது என்று நினைக்கிறவள் நான். தனியாகப் போக முடியாத டீச்சர் மாதிரியான ஆட்களுக்கு உங்கள் பஸ்தான் வழி. எல்லோருக்கும் ஏட்டில் ஆர்வம் இருக்காது என்று பொறுப்பாளர் சொன்னார். நியாயம்தான். அப்படியானால் கோயிலும் கடைவீதியும் என்று ஒரு பயணம் தனியாகப் போடுங்கள், வருகிறவர்கள் வரட்டும். நூலகத்தின் பெயரைச் சொல்லிப் பணம் வாங்கினால் நூலகத்துக்கு நேரம் கொடுத்தாக வேண்டும்.

எனவே மறுபடியும் கேட்டுக்கொள்கிறேன். அரண்மனை வளாகத்துக்கு ஒரு முழுக் காலைப்பொழுது. நூலகத்தின் வார விடுமுறையையும் திறக்கும் நேரத்தையும் விசாரித்துக்கொண்டு தேதி வையுங்கள். ஒரு குழு வருகிறது, சுவடி படிக்கத் தெரிந்தவர் யாராவது அரை மணி நேரம் பேச முடியுமா என்று நூலகத்துக்கு முன்கூட்டியே ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கள். அங்கே முடியாவிட்டால், ஊரிலேயே தமிழ்ப் பல்கலைக்கழகம் இருக்கிறது, 1911-இலிருந்து கரந்தைத் தமிழ்ச் சங்கம் இருக்கிறது. சுவடி தெரிந்தவர்களுக்குத் தஞ்சாவூரில் பஞ்சம் வராது. நிற்க முடியாதவர்களுக்கு மடக்கு நாற்காலி நாலைந்து பஸ்ஸில் எடுத்துப் போடுங்கள். நூலகம் வெளியிட்ட புத்தகங்கள் அங்கேயே விற்பனைக்கு உண்டு. அதை வாங்கவும் கொஞ்சம் நேரம் விடுங்கள். வழிகாட்டிக்குக் கூடுதலாகச் சம்பளம் கொடுக்க வேண்டியிருந்தால் கட்டணத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள், தருகிறோம். கடைக்கு அரை மணி நேரம் போதும்.

டீச்சரிடம் பேசினேன். அட்டவணை மாறினால் அவர் மறுபடி வரத் தயார், நானும் தயார். மாற்றிய அட்டவணையை நேரக் கணக்கோடு குழுவில் போட்டால் அன்றைக்கே முன்பணம் கட்டிவிடுகிறோம். உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பயணத்தில் வந்த ஒருத்தி