மூழ்கிப்போன கிரீம்

லிமெரிக், அயர்லாந்து
பிப்ரவரி, முதல் திங்கள்கிழமை

அன்புள்ள மங்கை,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. இரவு ஷிஃப்ட் முடிந்து வந்தவள், கோட்டைக்கூடக் கழற்றாமல் மாடிப்படியில் உட்கார்ந்து படித்தேன். உன் மகனுக்கு வேலை கிடைத்துவிட்டது என்ற வரியில் கண் கலங்கிவிட்டது. நம் பழைய வீட்டுச் சமையலறையில் தவழ்ந்த பிள்ளை அவன்.

இன்று புனித பிரிஜித் நாள் விடுமுறை. நீ இங்கே இருந்தபோது இந்த விடுமுறை கிடையாது, 2023-ல்தான் ஆரம்பித்தார்கள். இந்த ஊர்க் கணக்கில் வசந்தம் பிறந்தாயிற்று. வெளியே காற்றும் மழையும் ஜன்னலை அறைகின்றன. அவர் தூங்குகிறார், மகள் கார்க் நகரத்துக்குத் திரும்பிப் போய்விட்டாள். உனக்கு நிதானமாக எழுத இதைவிட நல்ல நாள் கிடைக்காது.

சர்க்கரை ஏறியிருக்கிறது என்று கடைசிப் பக்கத்தில் ஒரே வரியில் எழுதிவிட்டு நகர்ந்துவிட்டாய். அதை நான் விடப்போவதில்லை, பிறகு வருகிறேன். நீ ஒன்றரைப் பக்கம் வருத்தப்பட்டு எழுதியிருப்பது, விஸ்கி கலந்து மேலே கிரீம் மிதக்கவிடும் ஐரிஷ் காபியைப் பற்றி. டொராண்டோவில் பனி கொட்டிய ராத்திரி ஆசையாகப் போட்டிருக்கிறாய். கிரீம் மேலே நிற்காமல் உள்ளே இறங்கிக் கலங்கி, ஆறிப்போன பால் காபி மாதிரி ஆகிவிட்டது. "பக்கத்து வீட்டு அம்மா போட்டுக் கொடுத்தது இப்படியா இருந்தது?" என்று கேட்டிருக்கிறாய்.

இல்லை. அது எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது. 2005 டிசம்பர், நாம் வந்த முதல் குளிர்காலம். 12 மணி நேர வேலை முடிந்து, ஷூவுக்குள் தண்ணீர் சலக் சலக் என்று அடிக்க வந்தோம். அந்த அம்மா கதவைத் திறந்துவைத்துக்கொண்டு உள்ளே வாருங்கள் என்று கூப்பிட்டார். கணப்புப் பக்கத்தில் உட்காரவைத்து, காம்பு வைத்த கண்ணாடிக் கோப்பை ஆளுக்கொன்று கையில் கொடுத்தார். கீழே கறுப்பு, மேலே விரற்கடை அளவுக்கு வெள்ளை, நடுவில் நூல் பிடித்த மாதிரி கோடு. இதில் என்ன இருக்கிறது என்று நீ கேட்டாய். விஸ்கி இருக்கிறது, வேண்டாம் என்றால் வெறும் காபி தருகிறேன், ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன் என்று அவர் சொன்னார். அதுவரை நாம் இரண்டு பேருமே மதுவைத் தொட்டதில்லை. நாமாகத்தான் வாங்கிக் குடித்தோம். முதலில் உதட்டில் சில்லென்று கிரீம், அதற்கடியிலிருந்து சூடாகக் காபி. நீ கண்ணை மூடிக்கொண்டாய்.

சரி, உன் கிரீமுக்கு வருவோம். சர்க்கரைக்குப் பதில் ஸ்டீவியா இரண்டு பாக்கெட் போட்டேன், ஃபிரிட்ஜில் இருந்த, பாலும் கிரீமும் கலந்த ஹாஃப் அண்ட் ஹாஃபை ஊற்றினேன் என்று நீயே எழுதியிருக்கிறாய். மங்கை, இந்த இரண்டும்தான் காரணம். உன் கைப்பக்குவத்தில் குறை இல்லை.

சூடான காபி பச்சைத் தண்ணீரைவிடக் கொஞ்சம் லேசானது. ஆல்கஹால் அதைவிட லேசு, அதனால் விஸ்கி சேர்ந்ததும் காபி இன்னும் லேசாகிவிடுகிறது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கிரீமோ அதைவிடக் கனம், அப்படியே ஊற்றினால் இறங்கத்தான் செய்யும். இதற்கு இரண்டு பக்கத்திலிருந்தும் வேலை செய்ய வேண்டும். காபியில் சர்க்கரை கரைந்தால் அது கனக்கும். கிரீமை அடித்தால் அதற்குள் காற்று புகுந்து லேசாகும். ஸ்டீவியா இனிக்கும், ஆனால் கனக்காது. அந்தத் துளிப் பொடியால் காபியின் எடையில் ஒன்றும் மாறாது. ஹாஃப் அண்ட் ஹாஃபில் கொழுப்பு 10 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும், அதை எவ்வளவு நேரம் அடித்தாலும் காற்றைப் பிடித்துவைக்காது. உங்கள் ஊரில் விப்பிங் கிரீம் என்று 35 சதவீதக் கொழுப்போடு விற்பது இருக்கிறதே, அதைத்தான் வாங்க வேண்டும். அழுத்தினால் நுரையாகப் பீய்ச்சும் டப்பா கிரீம் வேண்டவே வேண்டாம். சூட்டில் ஒரு நிமிடத்தில் கரைந்துபோகும், அதோடு அதிலேயே சர்க்கரையும் கலந்திருக்கும்.

இனி நான் போடும் விதம். 200 மில்லிக்குக் கொஞ்சம் மேல் பிடிக்கிற, சூடு தாங்கும் கோப்பை எடுத்துக்கொள். அதில் வெந்நீர் ஊற்றி ஒரு நிமிடம் வைத்துவிட்டுக் கொட்டு. இதை விட்டுவிடாதே. போன வருடம் அவசரத்தில் குளிர்ந்த கோப்பையில் காபியை ஊற்றி, அடிப்பாகம் கழன்று மேசையெல்லாம் ஓடியது, கையில் படாமல் தப்பித்தேன். சூடான கோப்பையில் பழுப்புச் சர்க்கரை இரண்டு டீஸ்பூன், விஸ்கி 40 மில்லி. இங்கே பப்பில் ஒரு அளவு என்றால் 35.5 மில்லிதான், அதற்குச் சற்றுக் கூட. பிறகு புதிதாகப் போட்ட கடுங்காபி 120 மில்லி. இன்ஸ்டன்ட் வேண்டாம். நம் ஃபில்டர் டிகாஷன் அளவுக்குக் கெட்டியாகவும் வேண்டாம், அது விஸ்கியை அமுக்கிவிடும். பிரெஞ்ச் பிரஸ்ஸில் தூளைக் கொஞ்சம் தாராளமாகப் போட்டால் சரியாக வருகிறது. தண்ணீர் கொதித்ததும் ஒரு நிமிடம் பொறுத்து ஊற்று, இல்லாவிட்டால் விஸ்கியின் ஆவி மூக்கில் குத்தும். சர்க்கரை ஒரு மணிகூட அடியில் தங்காமல் கரையும் வரை கலக்கு. கலக்குவது அதோடு முடிந்தது.

கிரீமைத்தான் நான் பல தடவை கெடுத்துக் கற்றுக்கொண்டேன். முதலில் பீட்டர் வைத்து அடித்தேன், கேக்குக்குப் பூசுகிற மாதிரி மலை மலையாக நின்றது. அது காபிமேல் கட்டியாக மிதக்கும், குடிக்கும்போது வாய்க்கு வராது. அந்த அம்மா பீட்டரைத் தொட்டதே இல்லை. காலி ஜாம் பாட்டிலில் பாதிக்கும் கீழே கிரீம் ஊற்றி, மூடிக் குலுக்குவார். பாட்டிலும் ஃபிரிட்ஜில் இருந்து வந்ததாக இருக்க வேண்டும். குலுக்கும்போது காதைக் கொடுத்துக் கேள். முதலில் தண்ணீர் மாதிரி சளசளக்கும். பதினைந்து இருபது விநாடியில் சத்தம் மந்தமாகும். அங்கேயே நிறுத்து. ஆப்ப மாவு பதம் என்று வைத்துக்கொள், சாய்த்தால் சோம்பலாக வழிய வேண்டும். இட்லி மாவு பதத்துக்குப் போய்விட்டால் இன்னும் கொஞ்சம் கிரீம் ஊற்றி லேசாக ஆட்டினால் இறங்கி வரும். கிரீமில் சர்க்கரை சேர்க்காதே.

பிறகு ஒரு ஸ்பூனை வெந்நீரில் முக்கி எடுத்து, குப்புறக் கவிழ்த்து, காபியின் மேல்மட்டத்தைத் தொட்டும் தொடாமலும் பிடித்துக்கொள். அதன் முதுகின்மேல் கிரீமை மெதுவாக ஊற்று. கிரீம் ஸ்பூனில் விழுந்து, வழிந்து, விளிம்பு வரை பரவும். ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வந்ததும் போதும். ஸ்பூனைத் தூரப் போட்டுவிடு. மேலே சாக்லேட் பொடி, புதினா எதுவும் தூவாதே. கலக்காமல் அந்தக் கிரீம் வழியாகத்தான் காபியைக் குடிக்க வேண்டும்.

எந்த விஸ்கி என்று கேட்டிருந்தாய். விலை உயர்ந்ததை இதில் ஊற்றாதே, காபிக்கடியில் அதன் நுணுக்கமெல்லாம் காணாமல் போகும். ஜேம்சன் போதும். பவர்ஸ் கோல்ட் லேபிள் கிடைத்தால் அதை வாங்கு, 43.2 சதவீதம், மிளகுக் காரம் மாதிரி ஒன்று காபியைத் தாண்டித் தெரியும். ஐரிஷ் விஸ்கி பெரும்பாலும் மூன்று முறை வடித்தது, மரப்பீப்பாயில் இந்தத் தீவிலேயே குறைந்தது மூன்று வருடம் இருந்தது. முளைகட்டின பார்லியோடு முளைகட்டாத பார்லியையும் சேர்த்து வடிக்கும் வழக்கம் இங்கே உண்டு. 1785-ல் முளைகட்டின பார்லிக்கு வரி போட்டதால் பிறந்த வழக்கம் அது என்கிறார்கள். வரியைத் தவிர்க்கச் செய்தது ஒரு தனிச் சுவையாகிவிட்டது. வீட்டில் பீட் என்ற கரிமண்ணின் புகைவாசம் அடிக்கும் ஸ்காட்ச் இருந்தால் அதை இதற்கு எடுக்காதே, கரி பிடித்த காபி மாதிரி இருக்கும்.

அக்டோபரில் மகளோடு ஃபாய்ன்ஸ் போய் வந்தேன். நீயும் நானும் எத்தனை முறை போகலாம் போகலாம் என்று சொல்லி, போகாமலே விட்ட ஊர். இங்கிருந்து மேற்கே முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை. ஷானன் ஆறு கடலாக விரியும் இடம். 1939-லிருந்து 1945 வரை அட்லாண்டிக்கைத் தாண்டிய பறக்கும் படகுகள், அதாவது தண்ணீரில் இறங்கும் விமானங்கள், அங்கேதான் இறங்கின. பழைய நிலையக் கட்டடமே இப்போது மியூசியம். போயிங் 314 விமானத்தின் முழு அளவு மாதிரிக்குள் ஏறிப் பார்த்தோம். படுக்கையெல்லாம் இருக்கிறது. ஆனால் அதிலிருந்து இறங்கியவர்கள் சின்னப் படகில் நனைந்துதான் கரைக்கு வந்திருக்கிறார்கள்.

1943 குளிர்காலத்தில் ஒரு ராத்திரி, அங்கிருந்து அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் நியூஃபவுண்ட்லாந்துக்குக் கிளம்பின விமானம் பல மணி நேரம் பறந்து, வானிலை மோசமாகித் திரும்பிவிட்டது. உணவகத்தில் சமையல்காரராக இருந்த ஜோ ஷெரிடன், டைரோன் மாவட்டத்துக்காரர், குளிரில் விறைத்து வந்தவர்களுக்குக் காபியில் விஸ்கி ஊற்றிக் கொடுத்தார். இது பிரேசில் காபியா என்று ஒரு பயணி கேட்க, இல்லை, ஐரிஷ் காபி என்று அவர் சொன்னதாகக் கதை. அங்கே அந்த ஜன்னல் பக்கம் நின்று வெளியே சாம்பல் நிறத் தண்ணீரைப் பார்த்தபோது எனக்கு நம் ஈர ஷூக்கள்தான் ஞாபகம் வந்தன. விருந்துக்காகப் பிறந்த பானம் இல்லை மங்கை இது. போன வழியே திரும்பி வந்தவர்களுக்கு யாரோ ஒருவர் கொடுத்தது.

உன்னைத் தேற்ற இன்னொன்று. 1952-ல் சான் பிரான்சிஸ்கோவில் பியூனா விஸ்டா கஃபேயை நடத்திய ஜாக் கெப்ளரும், ஸ்டான்டன் டெலப்ளேன் என்ற பத்திரிகையாளரும் ஷானன் விமான நிலையத்தில் கொடுத்துவந்த ஐரிஷ் காபியை அங்கே போட்டுப் பார்த்தார்கள். அவர்களுக்கும் கிரீம் மூழ்கியது! எத்தனை முறை போட்டாலும் மூழ்கியது. கடைசியில் ஜார்ஜ் கிறிஸ்டஃபர் என்ற பால்பண்ணைக்காரரிடம் போனார்கள், பின்னாளில் அந்த ஊர் மேயராக இருந்தவர். கிரீமை 48 மணி நேரம் வைத்திருந்து பிறகு பதமாக அடியுங்கள் என்று அவர் சொன்னார். மிதந்தது. ஷெரிடனும் பிறகு அங்கேயே வேலைக்குப் போய்விட்டார். 1962-ல் காலமானார், பக்கத்து ஊரான ஓக்லாந்தில் புதைத்திருக்கிறார்கள். நம்மை மாதிரி ஊரைவிட்டுப் போனவர் என்பதால் அதைப் படித்தபோது மனசு கொஞ்சம் கனத்தது.

இப்போது உன் சர்க்கரை. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 7.1 என்று எழுதியிருக்கிறாய். எத்தனை நோயாளிகளுக்கு நாம் இரண்டு பேரும் சொல்லியிருப்போம், உனக்கு நான் புதிதாக என்ன சொல்ல. ஆனாலும் சொல்கிறேன். வெறும் வயிற்றில் குடிக்காதே. கல்லீரல் ஆல்கஹாலைக் கவனிக்கும் நேரத்தில் ரத்தத்துக்குச் சர்க்கரை விடுவதைக் குறைத்துக்கொள்ளும், சில மணி நேரம் கழித்துத் தாழ்ந்துபோகலாம். நீ சாப்பிடும் மெட்ஃபார்மின் மாத்திரையோடு இது சரியா என்று உன் டாக்டரிடம் வெட்கப்படாமல் கேள். காபி இருப்பதால் போதை ஏறாது என்று எண்ணாதே, காபி தூக்கத்தைத்தான் விரட்டும், போதையைக் குறைக்காது. டாக்டர் சரி என்றால் எப்போதாவது ஒரு கோப்பை, இரண்டு டீஸ்பூன் சர்க்கரையோடு, அன்றைய கணக்கில் எழுதிவைத்துக் குடி. சர்க்கரை கூடவே கூடாது என்றால் விஸ்கியைப் பாதியாக்கு, கிரீமை இன்னும் கொஞ்சம் கெட்டியாகக் குலுக்கு, நிற்கும். நடப்பதை மட்டும் விடாதே. பனி என்று சாக்கு எழுதாதே, அங்கே மால் இருக்கிறது, உள்ளேயே நடக்கலாம்.

எழுதவே கை வராத செய்தியைக் கடைசிக்கு வைத்துவிட்டேன். பக்கத்து வீட்டு அம்மா கிறிஸ்துமஸுக்கு முன்னால் முதியோர் இல்லத்துக்குப் போய்விட்டார். 91 வயது. இரண்டு முறை விழுந்துவிட்டார், பிள்ளைகள் வெளிநாட்டில். கிளம்புவதற்கு முதல் நாள் என்னைக் கூப்பிட்டு, அட்டைப் பெட்டியில் செய்தித்தாள் சுற்றிய ஆறு கோப்பைகளைக் கொடுத்தார். அதே கோப்பைகள்.

போன ஞாயிறு பார்க்கப் போனேன். அங்கிருந்த நர்ஸிடம் கேட்டு, மருந்துகளையெல்லாம் சரிபார்த்துவிட்டு, ஒரே ஒரு ஸ்பூன் விஸ்கி ஊற்றி அவர் அறையிலேயே போட்டேன். ஜாம் பாட்டிலைக் குலுக்கும்போது, "இன்னும் இல்லை, லவ்," என்றார். இன்னும் கொஞ்சம் குலுக்கினேன். தலையாட்டினார். என் பெயர் அன்று அவருக்கு ஞாபகம் வரவில்லை, ஆனால் அந்தச் சத்தம் தெரிந்திருக்கிறது. கோப்பையை வாங்கி வெளிச்சத்தில் தூக்கி அந்தக் கோட்டைப் பார்த்தார். பழக்கத்தில் நான் தட்டில் ஸ்பூன் வைத்திருந்தேன், அதை எடுத்து என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டார். அப்புறம் குடித்தார். மேலுதட்டில் வெள்ளையோடு என்னைப் பார்த்து, "இன்னொருத்தி எங்கே?" என்றார்.

கனடாவில் இருக்கிறாள் என்று சொன்னேன்.

ஆறில் இரண்டை உனக்கு அனுப்புகிறேன். கம்பளிக் காலுறைக்குள் திணித்து, நடுவில் துண்டு வைத்துக் கட்டியிருக்கிறேன். நாளைக்குத் தபால் நிலையம் திறந்ததும் போட்டுவிடுவேன். காலுறைகள் உனக்குத்தான், போட்டுக்கொள். கோப்பை வந்து சேர்ந்ததும் எழுது, விப்பிங் கிரீம் வாங்கிவை.

உன்,
விஜி